பிரெட் வைட்லியின் துறைமுக வீடும் நம்மூர் ஜன்னல்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சல் பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். பள்ளிப் பிள்ளைகளும் வருவார்கள், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களும் வருவார்கள். ஆஸ்திரேலிய ஓவியர் பிரெட் வைட்லி தன் வீட்டிலிருந்து வரைந்த சிட்னித் துறைமுகப் படங்களை வகுப்பில் காட்டியதிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. வகுப்புக்கு வராதவர்களும் கேட்கிறார்கள். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதிவிட்டேன்.

யார் இந்த வைட்லி?

1939-இல் சிட்னியில் பிறந்தவர். துறைமுகத்தை ஒட்டிய லாங்வில் என்ற பகுதியில் வளர்ந்தவர். இருபது வயதில் இத்தாலி போக உதவித்தொகை கிடைத்து, அப்படியே லண்டனுக்குப் போனார். 1961-இல் லண்டன் டேட் கலைக்கூடம் அவர் படம் ஒன்றை வாங்கியது. அப்போது அவருக்கு 22 வயது. பிறகு நியூயார்க். 1969 கடைசியில் மனைவி வெண்டியோடும் சிறுமியாக இருந்த மகள் ஆர்க்கியோடும் சிட்னிக்கே திரும்பினார். பத்து வருடம் உலகம் சுற்றியவர், சிறுவயதில் பார்த்த அதே தண்ணீருக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். ஆஸ்திரேலியர்கள் இன்றைக்கும் கொண்டாடுகிற அவருடைய படங்களில் பெரும்பங்கு அதற்குப் பிறகு வந்தவை.

அந்த வீட்டில் அப்படி என்ன விசேஷம்?

சிட்னித் துறைமுகப் பாலத்துக்கு மேற்கே, வடகரையில் லாவெண்டர் பே என்றொரு சின்ன வளைகுடா இருக்கிறது. அதன் மேட்டில் ஒரு பழைய வீடு. வைட்லி குடும்பம் முதலில் அதில் வாடகைக்கு இருந்தது, 1974-இல் சொந்தமாக வாங்கியது. வீட்டுக்கு முன்னால் ஒரு பனைவகை மரம், கீழே சரிவு, சரிவுக்குக் கீழே தண்ணீர், தண்ணீரில் பாய்மரப் படகுகள், இடதுபக்கம் பாலம்.

இதைச் சொன்னதும், “அப்படி வீடு இருந்தா நானும் வரைவேன் சார்” என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அந்தச் சரிவில் அவர்களுக்கு மட்டும் வீடு இருக்கவில்லை. அதே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு எத்தனையோ குடும்பங்கள் காலைக் காப்பி குடித்திருக்கும். வைட்லி செய்தது அதே ஜன்னலுக்குத் திரும்பத் திரும்ப வந்தது. 1974-இல் வரைந்த ‘பெரிய ஆரஞ்சு’ படத்தில் மாலை வெயில் துறைமுகம் முழுவதையும் ஒரே ஆரஞ்சு நிறமாக்கிவிட்டது. அடுத்த வருடம் ‘பால்கனி 2’. அதில் அதே தண்ணீர் ஆழ்ந்த நீலம். 1977-இல் ஜக்கரண்டா மரம் பூத்திருக்கும் படம், 1978-இல் சாம்பல் நிறத் துறைமுகம். இடம் ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் வேறு நிறம், வேறு நேரம், வேறு மனநிலை.

வீட்டின் உள்பக்கமும் படத்துக்குள் வந்தது. 1976-இல் ஆர்ச்சிபால்ட் என்ற ஆஸ்திரேலிய உருவப்பட விருது வாங்கிய ‘ஸ்டுடியோவில் தன்னோவியம்’ படத்தைப் பாருங்கள். இரண்டு மீட்டர் உயரம், இரண்டரை மீட்டருக்கு மேல் அகலம். தன்னோவியம் என்றால் முகம் பெரிதாக இருக்கும் என்றுதானே நினைப்போம்? இதில் படம் முழுக்க நீல நிற அறை. மேலே ஒரு மூலையில் ஜன்னல் வழியாகத் துறைமுகம். ஓவியரின் முகம் எங்கே என்று தேட வேண்டும். படத்தின் அடிப்பகுதியில் ஒரு கை சின்னக் கண்ணாடியைப் பிடித்திருக்கிறது, முகம் அதற்குள் இருக்கிறது. “நான் யார்” என்ற கேள்விக்கு அவர் தன் அறையையும் ஜன்னலையும் காட்டியிருக்கிறார். வகுப்பில் இதைக் காட்டும்போது கண்ணாடி எங்கே என்று முதலில் சொல்ல மாட்டேன். பிள்ளைகள் தானாகக் கண்டுபிடிக்கும்போது வரும் சத்தம் எனக்குப் பிடிக்கும்.

ஒரே காட்சியை வருடக்கணக்கில் வரைந்தால் சலிக்காதா?

நாலைந்து படத்துக்குள் சலித்துவிடும். தெரிந்ததை எல்லாம் அதற்குள் வரைந்து முடித்திருப்போம். தெரியாதது கண்ணில் படுவது அதற்கு அப்புறம்தான்.

நம்மூர்க் கணக்கில் சொல்கிறேன். மேற்குக் கரையில் உங்கள் வீட்டிலிருந்து சூரியன் மறைவதைப் பார்க்க முடியும் என்றால், அது மறையும் இடத்தை ஜன்னல் கம்பியில் பென்சிலால் குறித்து வாருங்கள். ஜூன் மாதம் வடக்கே விலகிக் கரையை ஒட்டியே இறங்கும். டிசம்பரில் தெற்கே தள்ளி நல்ல கடலுக்குள் இறங்கும். இரண்டு புள்ளிகளுக்கும் இடையே ஏறக்குறைய 47 டிகிரி. ஜூனில் வள்ளங்களின் பக்கவாட்டில் விழுகிற மாலை வெளிச்சம் டிசம்பரில் வேறு பக்கம் விழும். நாம் பூமத்திய ரேகைக்கு எட்டு டிகிரி வடக்கே இருப்பதால் சூரியன் கிட்டத்தட்ட நேராக இறங்கிவிடுகிறது. மறைந்து அரைமணி நேரத்துக்குள் நிறம் போய்விடும். அதற்குள் வரைந்து முடிக்க முடியாது. அதனால் அடுத்த நாளும் அதே இடத்தில் போய் உட்கார வேண்டும். சலிப்பு போவது இப்படித்தான்.

தண்ணீரும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஆனி ஆடியில் கடல் சாம்பலும் பழுப்புமாகப் புரளும். தை மாசியில் பச்சை கலந்த நீலமாகத் தெளிந்திருக்கும். கடல் என்றாலே ஒரே நீலத்தை எடுத்துப் பூசுகிற பிள்ளை ஜன்னலைப் பார்க்காமல் வரைகிறது என்று அர்த்தம்.

அந்த ஆழ்ந்த நீலம் என்ன நிறம்? இங்கே கிடைக்குமா?

அல்ட்ராமரைன் நீலம். வைட்லிக்கு அதன் மேல் தீராத மோகம். நம் கடைகளில் கிடைக்கும் சாதாரண வாட்டர் கலர், போஸ்டர் கலர் பெட்டிகளில்கூட இருக்கும்.

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், எனக்குப் பிடித்த விஷயம். முற்காலத்தில் இந்த நிறத்தை ஆப்கானிஸ்தான் மலைகளில் வெட்டியெடுத்த லாபிஸ் லசூலி என்ற கல்லைப் பொடித்து எடுத்தார்கள். ஐரோப்பாவில் அது பொன்னுக்குச் சமமான விலை. 1820-களின் கடைசியில் பிரான்சில் செயற்கையாகச் செய்யக் கண்டுபிடித்த பிறகுதான் மலிவானது. மலிவாகி எங்கெல்லாம் போனது தெரியுமா? வெள்ளைத் துணிக்குப் போடும் நீலப்பொடியாக நம் வீடுகளுக்கே வந்தது. நம் பாட்டிமார் சுண்ணாம்பில் கலந்து சுவருக்கு அடித்ததும் அதே நீலம்தான். சுண்ணாம்பின் காரம் இந்த நீலத்தை ஒன்றும் செய்யாது, அதனால் சுவரில் நின்றது. புளிப்புதான் இதற்குப் பகை. பொடியில் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள், நிறம் செத்துவிடும். இப்போது பாட்டிலில் வரும் சொட்டு நீலம் வேறு ஜாதி, அது சாயம். வரைவதற்கு ஆகாது.

வாட்டர் கலரில் இந்த நீலத்துக்கு ஒரு குணம் உண்டு. சொரசொரப்பான தாளில் தண்ணீராகப் பூசினால் துகள்கள் தாளின் குழிகளில் போய்த் தங்கும். காய்ந்த பிறகு புள்ளிப் புள்ளியாக, கிட்டே நின்று பார்க்கும் கடல் பரப்பு மாதிரியே இருக்கும். இதோடு பர்ண்ட் சியன்னா என்ற செம்பழுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். மழைக்காலக் கடலுக்கு வேண்டிய எல்லாச் சாம்பலும் இந்த இரண்டு நிறத்திலேயே வரும். கறுப்பு டியூபைத் திறக்கவே வேண்டாம்.

வைட்லி மத்தீஸைப் பார்த்துக் காப்பி அடித்தார் என்கிறார்களே?

பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மத்தீஸிடம் நிறைய எடுத்துக்கொண்டார், அதை ஒளிக்கவும் இல்லை. 1974-75-இல் தன் வீட்டு வரவேற்பறையை வரைந்து அதற்கு ‘ஹென்றியின் நாற்காலி’ என்றே பெயர் வைத்தார். மத்தீஸ் 1905-இல் கொலியூர் என்ற மீன்பிடித் துறையில் தங்கியிருந்தபோது, திறந்த ஜன்னலையும் அதற்கு அப்பால் ஆடும் படகுகளையும் வரைந்தார். 1911-இல் தன் ஸ்டுடியோ முழுவதையும் ஒரே சிவப்பில் மூழ்கடித்து ஒரு படம் வரைந்தார். வைட்லி அந்த இரண்டு யோசனைகளையும் தன் வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஆனால் சிவப்பு அறை சிட்னியில் நீல அறையாயிற்று. துறைமுகம் ஜன்னல் சட்டத்தைத் தாண்டி அறைக்குள்ளேயே வழிந்து வந்துவிட்டது. தூரிகைக் கோட்டின் வளைவு சீன, ஜப்பானிய மை ஓவியங்களிலிருந்து வந்தது. கற்றுக்கொள்கிறவர்கள் எல்லோரும் எடுக்கத்தான் செய்கிறார்கள். எடுத்ததை உங்கள் ஜன்னலுக்கு முன்னால் வைத்துப் பாருங்கள். ஜன்னல் அதை மாற்றிவிடும்.

நம் மாவட்டத்தில் எந்த இடத்தில் உட்கார்ந்து வரையலாம்?

முதலில் உங்கள் வீடு. அப்புறம்தான் மற்ற இடம்.

வெளியே போக வேண்டும் என்றால் நான் மீன்பிடித் துறைமுகங்களைச் சொல்வேன். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்கும். அசையாத மாடல் கிடைப்பது லேசில்லை, இரண்டு மாதம் கிடைக்கிறது. சின்னமுட்டம் கிழக்குக் கரைக் கணக்கில் வருவதால் அங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. படகுக்குப் பெயின்ட் அடிக்கும் காலமும் அதுதான். பாதி அடித்த பச்சையும், சுரண்டிய பழைய சிவப்பும், அடியில் தெரியும் மரமும் ஒரே படகில் பார்க்கலாம்.

மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்குப் போனால் கடலைப் பார்க்காமல் காலடியைப் பாருங்கள். இல்மனைட் என்ற தாது கறுப்பாகவும் கார்னெட் என்ற தாது சிவப்பாகவும் அலை ஒதுக்கிவிட்டுப் போன வரிகளாக மணலில் படிந்திருக்கும். அலை ஒவ்வொரு முறையும் வேறு கோடு போடும்.

மீன் ஏலக்கூடத்தில் வரைய நினைத்தால் ஓரமாக நில்லுங்கள், வேலைக்குக் குறுக்கே வராதீர்கள். ஆளை வரைந்தால் வரைந்ததை அவரிடம் காட்டுங்கள்.

எங்கள் வீட்டிலிருந்து கடல் தெரியாதே?

தெரிய வேண்டியதில்லை. குளம், வாழைத்தோப்பு, எதிர்வீட்டுத் தகரக் கூரை, எது ஜன்னலில் இருக்கிறதோ அதுதான் உங்கள் துறைமுகம். தோவாளைப் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவி மலையைத்தான் வரைகிறாள். மேகம் இறங்கும்போது அந்த மலை பாதியாகிவிடும். அவளுடைய நல்ல படங்கள் அந்தப் பாதி மலைகள்.

வைட்லி படங்களில் வானமே காணோம். கடல் செங்குத்தாக நிற்கிறது. நாமும் அப்படி வரையலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்ட பையனுக்கு வகுப்பிலேயே கை கொடுத்தேன். பல படங்களில் அவர் தொடுவானத்தைப் படத்துக்கு மேலே தள்ளிவிடுகிறார். பார்வை மேட்டிலிருந்து கீழே விழுகிறது, தண்ணீர் ஒரு சுவர்போல எழும்பி நிற்கிறது, படகுகள் அதில் வெள்ளைக் கீறல்களாக ஒட்டியிருக்கின்றன. அது அவருக்குப் பொருந்துகிறது. துறைமுகம் என்பது மூடிய தண்ணீர், எதிரே இன்னொரு கரை இருக்கிறது. அங்கே நிற்பவை பெரும்பாலும் உல்லாசப் படகுகள். யாரும் யாருக்காகவும் கரையில் காத்து நிற்கவில்லை.

நம் கடல் திறந்த கடல். கரையில் நிற்கும் ஆளுக்குத் தொடுவானம் நாலரை கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. பத்து மீட்டர் உயர மொட்டை மாடியில் ஏறினால் பதினொரு கிலோமீட்டருக்கு மேல் தெரியும். வள்ளம் வருகிறதா என்று பார்க்கப் பாறை மேல் ஏறி நிற்பது இதனால்தான். நம் ஊரில் அந்தக் கோடு வெறும் அலங்காரம் இல்லை, போனவர்கள் அதைத் தாண்டித்தான் திரும்பி வர வேண்டும். ஆகவே தொடுவானத்தை எடுத்துவிட்டு ஒரு படமும் வைத்துக்கொண்டு ஒரு படமும் வரைந்து இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். மேட்டில் ஏறினாலும் இறங்கினாலும் தொடுவானம் உங்கள் கண்மட்டத்திலேயேதான் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். அதை எங்கே வைக்கிறீர்களோ, அங்கேதான் படத்தைப் பார்க்கிறவரும் நிற்கிறார்.

சுனாமியும் ஒக்கிப் புயலும் பார்த்த கடலை அழகாக வரைய மனசு வருமா?

கொட்டில்பாட்டைச் சேர்ந்த ஒரு அம்மா கேட்டது. 2004 டிசம்பர் 26-இல் அந்த ஊரும் குளச்சலும் இழந்தது என்ன என்று இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்தபோது தூத்தூர், சின்னத்துறை, நீரோடி பக்கத்து வீடுகளில் நடந்ததும் அப்படித்தான்.

மனசு வரவில்லை என்றால் வரைய வேண்டாம். கடலை அழகாகக் காட்டியே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. வரைய வேண்டும், ஆனால் அழகு வேண்டாம் என்று தோன்றினால், கரையில் மனிதன் கட்டியவற்றைப் பாருங்கள். கடல்சுவரின் பாறாங்கற்கள், கடலுக்குள் நீளும் கல்தடுப்பான தூண்டில் வளைவு, கரையைப் பார்த்து நிற்கும் கோயில் கோபுரம், கதவு பூட்டிக் கிடக்கும் வீடு. அந்த அம்மா இப்போது கற்களைத்தான் வரைகிறார், கரிக்கோலால். கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள இருட்டை அவர் அழுத்திக் கறுப்பாக்குகிற விதம் எனக்குத் தெரிந்த யாருக்கும் வராது. அவரிடம் நான் திருத்தம் சொல்வதில்லை.

வைட்லி போதைக்கு அடிமையாக இருந்தவராமே. இப்படிப்பட்டவரைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

உண்மை. ஹெராயின் பழக்கம் அவரைக் கடைசிவரை விடவில்லை. 1989-இல் வெண்டியோடு இருந்த உறவு முறிந்தது. 1992 ஜூனில், சிட்னிக்குத் தெற்கே திர்ரூல் என்ற கடலோர ஊரின் மோட்டல் அறையில் தனியாக இறந்து கிடந்தார், 53 வயதில். பெரிய பிள்ளைகளுக்கு இதை மறைக்காமல் சொல்கிறேன். போதைதான் அந்த நீலத்தைத் தந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வரைந்தது, பல மணிநேரம் நின்று பழகிய கை. போதை அந்தக் கையின் வருடங்களைத் தின்றது, அவ்வளவுதான்.

வெண்டி என்ன ஆனார்?

அவரும் ஓவியம் படித்தவர். வைட்லியின் எத்தனையோ படங்களில் இருப்பவர். வைட்லி இறந்த பிறகு வெண்டி அதே வீட்டில் இருந்துகொண்டு, வீட்டுக்குக் கீழே ரயில்வேக்குச் சொந்தமாகக் குப்பைமேடாகக் கிடந்த நிலத்தில் இறங்கினார். உண்ணிச்செடி மண்டிக் கிடந்தது. நம் தரிசுகளில் மண்டுகிற அதே உண்ணிச்செடிதான். யாரிடமும் அனுமதி கேட்காமல் வெட்டினார், குப்பையை அள்ளினார், மரம் நட்டார். 2001-இல் மகள் ஆர்க்கியும் இறந்தார். வெண்டி தோட்ட வேலையை விடவில்லை. தகப்பன், மகள் இருவருடைய அஸ்தியும் அந்தத் தோட்டத்தில் எங்கோ இருக்கிறது. எந்த இடம் என்று வெளியே சொல்லப்படவில்லை. 2015-இல் நார்த் சிட்னி நகராட்சி அந்த நிலத்துக்கு நீண்டகாலக் குத்தகை பெற்றது. இன்று யார் வேண்டுமானாலும் காசில்லாமல் போய் உட்காரலாம்.

ஜன்னலிலிருந்து பார்த்த நிலத்தை ஒருவர் வரைந்தார், இன்னொருவர் மண்வெட்டியோடு அதற்குள் இறங்கினார். இரண்டாவது வேலையை நான் சின்னதாக நினைக்கவில்லை.

சிட்னியில் மகன் இருக்கிறான். போனால் வீட்டைப் பார்க்கலாமா?

வீட்டுக்குள் போக முடியாது. தோட்டத்துக்குப் போகலாம், மில்சன்ஸ் பாயின்ட் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். படங்களைப் பார்க்க நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்துக்குப் போங்கள். சர்ரி ஹில்ஸ் பகுதியில் அவருடைய கடைசிக்கால ஸ்டுடியோவும் அருங்காட்சியகமாக இருக்கிறது.

ஓவியத்தில் காசு வருமா?

‘ஹென்றியின் நாற்காலி’ 2020-இல் 60 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் ஏலம் போனது. வரைந்தவர் இறந்து 28 வருடம் கழித்து. பிள்ளைக்கு ஓவியம் வேண்டுமா என்று முடிவு செய்ய இந்தத் தொகை உதவாது. வேறு ஒரு வேலையும் கையில் இருக்கட்டும் என்றே பெற்றோரிடம் சொல்கிறேன்.

கடலோரத்தில் தாள் பூசணம் பிடிக்கிறது. என்ன செய்வது?

ஈரக்காற்றுதான் காரணம். தாளைச் சுவரில் சாய்த்து வைக்க வேண்டாம், தரையிலும் வேண்டாம். பிளாஸ்டிக் உறையில் சிலிக்கா பாக்கெட் போட்டு இரும்பு அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் எல்லாவற்றையும் எடுத்து நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் வைத்தால் நிறம் வெளுக்கும். எண்ணெய் வண்ணப் படத்தை மாடியில் காய வைக்காதீர்கள், கச்சான் காற்றில் வரும் மணல் ஒட்டினால் பிறகு எடுக்க முடியாது.

போட்டிக்கு விவேகானந்தர் பாறையும் வள்ளுவர் சிலையும்தான் கேட்கிறார்கள். என் பிள்ளை ஏலக்கூடத்தை வரைகிறாள். பரிசு கிடைக்காதே?

போட்டிக்குப் பாறையையும் சிலையையும் வரையட்டும், தப்பில்லை. 133 அடிச் சிலையை அளவு பிசகாமல் வரைவதும் ஒரு பயிற்சிதான். ஆனால் கடலுக்கு நூறடி தூரத்தில் வீடு வைத்திருக்கும் பிள்ளைகள்கூட, இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு என்று வரைந்து கொண்டுவரும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. உங்கள் மகள் கண்ணால் பார்த்ததை வரைகிறாள். பரிசுக்காக அதை நிறுத்திவிடாதீர்கள். அந்த ஏலக்கூடப் படங்களில் தேதி போட்டு வைக்கச் சொல்லுங்கள். அடுத்த ஞாயிறு அவளையும் படங்களையும் அழைத்து வாருங்கள், ஐஸ் பெட்டிகளின் நிழலை அவள் எப்படிப் போட்டிருக்கிறாள் என்று நான் பார்க்க வேண்டும்.